பில்லில் எழுதாத பணம்

ஓசூர், கிருஷ்ணகிரி சிறுதொழில் ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



சிப்காட்டிலும் சிட்கோவிலும் பட்டறை வைத்து ஆப்பிரிக்காவுக்கும் இலங்கைக்கும் வங்கதேசத்துக்கும் உதிரிபாகம் அனுப்புகிறவர்கள், கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலை நடத்துகிறவர்கள், பசுமைக்குடிலில் ரோஜா வளர்த்துக் கடல் தாண்டி அனுப்புகிறவர்கள் என்று உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன். உங்கள் ஊரிலேயே ஆடிட்டர் வேலை பார்க்கிறவன் நான். மார்ச் முடிந்தால் என் கோடைக்காலம் உங்கள் கணக்குகளோடுதான் போகிறது.

ஒரு பேச்சு ஏறக்குறைய எல்லா அலுவலகங்களிலும் காதில் விழுகிறது. "நமக்கு டாலர்லதான் சார் பில். பார்ட்டி ஊர்ப் பணம் ஏறினா என்ன, இறங்கினா என்ன?" உங்களில் பலர் தினமும் காலையில் டாலர்-ரூபாய் விகிதம் பார்க்கிறீர்கள். ஃபார்வர்ட் புக் பண்ணலாமா என்று வங்கிக்குப் போன் போடுகிறீர்கள். நல்லது. ஆனால் நைஜீரியாவின் நைரா என்ன விலை, வங்கதேசத்தின் டாக்கா என்ன விலை என்று கேட்டால் பதில் வருவதில்லை. கணக்கின் அந்தப் பாதியைப் பார்க்காமல் ஏற்றுமதி செய்வது ஆபத்து என்று நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நைஜீரியாவை எடுத்துக்கொள்வோம். 2023 மே மாதம் அங்கே அரசு விகிதப்படி ஒரு டாலருக்குச் சுமார் 460 நைரா. நம் ரூபாய் 82க்குச் சற்று மேல். வகுத்தால் ஒரு ரூபாய்க்கு ஐந்தரை நைரா சொச்சம். ஜூன் மாதம் புதிதாக வந்த அரசு விகிதத்தின் மேலிருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. 2024 பிப்ரவரி முடியும்போது டாலர் 1,500 நைராவைத் தாண்டியிருந்தது. நம் ரூபாயோ 83ஐ ஒட்டியே நின்றது. ஒரு ரூபாய்க்குப் பதினெட்டு நைராவுக்கு மேல். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த டாலர்-ரூபாய்த் திரையில் அந்த ஒன்பது மாதமும் அசைவே இல்லை. பத்து டாலர் விலை போட்ட ஒரு கிளட்ச் சாமான் லாகோஸ் வியாபாரிக்கு 4,600 நைராவிலிருந்து 15,000 நைராவுக்கு மேலே போய்விட்டது. நீங்கள் விலையை ஒரு காசு ஏற்றவில்லை. அவரிடம் வாங்குகிறவருக்குச் சம்பளம் நைராவில்தான்.

"நாங்க நேரடியா ஏற்றுமதியே பண்ணலையே, உள்ளூர் கம்பெனிக்குத்தான் கொடுக்கிறோம்" என்று சிலர் சொல்வீர்கள். உங்களுக்குத்தான் இது இன்னும் மறைவாக வரும். நைஜீரியாவில் ‘கேக்கே’ என்று அழைக்கப்படும் ஆட்டோக்களில் டிவிஎஸ் கிங்கும் உண்டு. ஆப்பிரிக்கச் சாலைகளில் டிவிஎஸ் எச்எல்எக்ஸ் பைக்கும் ஓடுகிறது. அப்படிப்பட்ட ஒரு சந்தையில் பணம் விழுந்தால், அங்கே விற்பனை சுருங்கும். இங்கே பெரிய கம்பெனி உற்பத்தியைக் குறைக்கும். உங்களுக்கு வரும் மாத ஷெட்யூலில் ஒரு எண் சின்னதாகும். ஓவர்டைம் நிற்கும். அந்த ஷெட்யூல் காகிதத்தில் நைரா என்ற சொல்லே இருக்காது.

இதன் இயக்கத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரூபாய்க்கும் நைராவுக்கும் நடுவே நேரடிச் சந்தை என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. ரூபாய்க்கும் டாக்காவுக்கும், ரூபாய்க்கும் கென்ய ஷில்லிங்குக்கும் கதை ஏறக்குறைய அதுதான். ஓசூரில் எந்த வங்கிக் கிளையிலும் பலகையில் நைரா விகிதம் எழுதியிருக்காது. ரூபாய் டாலரோடு ஒரு விலையில் நிற்கிறது, அந்தப் பணம் டாலரோடு ஒரு விலையில் நிற்கிறது, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வருவதுதான் நமக்கும் அவர்களுக்கும் உள்ள விகிதம். ஆக, அது இரண்டு தனித்தனிக் கதைகளின் விளைவு. தில்லியில் ஒரு முடிவு, நைஜீரியாவின் அபுஜாவில் ஒரு முடிவு, இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு எடுக்கப்படுவதில்லை. இதற்கு மாற்றாக முயற்சி நடக்காமல் இல்லை: 1974இல் தெஹ்ரானைத் தலைமையிடமாகக் கொண்டு ஆசியத் தீர்வு ஒன்றியம் தொடங்கினார்கள். இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம் எல்லாம் அதில் உறுப்பு. நாடுகள் தங்களுக்குள் வரவு செலவைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் செலுத்துவது ஏற்பாடு. அங்கேயும் பின்னாளில் கணக்கு எழுதியது பெரும்பாலும் டாலரில்தான்.

கணக்குக்கு மட்டும் ஒரு பணம், கைக்கு இன்னொரு பணம் என்பதை இந்த மண் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் கிருஷ்ணகிரி அடங்கிய பாரமகாலைக் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கிருஷ்ணகிரி கும்பெனி கைக்குப் போனது, அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வரி வசூலிக்க வந்தார்கள். ஓசூர் மட்டும் 1799 வரை மைசூரோடுதான் இருந்தது. நீங்கள் இன்று ஒரு மணி நேரத்தில் காரில் கடக்கும் தூரத்துக்குள் ஏழு ஆண்டுகள் இரண்டு அரசுகளின் எல்லை ஓடியது, இரண்டு நாணய முறைகளின் எல்லையும் ஓடியது. கீழே கும்பெனிப் பக்கம் சென்னையின் நட்சத்திர வராகன், மூன்றரை ரூபாய். மேலே மைசூர்ப் பக்கம் திப்புவின் காசுகளோடு பழைய கண்டீரவ வராகன் கணக்கு, அது சுமார் மூன்று ரூபாய். கண்டீரவ நரசராஜ உடையார் பதினேழாம் நூற்றாண்டில் அச்சடித்தது பணம் என்ற சிறு பொன் காசுதான். பத்துப் பணம் ஒரு வராகன் என்று கணக்கு எழுதினார்களே ஒழிய அந்த வராகனை யாரும் கையில் பிடித்ததில்லை. காசுக்கடைச் சராப்புகள் வட்டம் என்ற கழிவைப் பிடித்துக்கொண்டு ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கொடுத்தார்கள்.

திப்பு விழுந்த பிறகு நடந்ததுதான் உங்களுக்குப் பயன்படும் பகுதி. 1799 உடன்படிக்கைப்படி மைசூர் அரசு ஆண்டுதோறும் கும்பெனிக்கு ஏழு லட்சம் நட்சத்திர வராகன் கப்பம் கட்ட வேண்டும், அதாவது இருபத்து நாலரை லட்சம் ரூபாய். மைசூரின் வருவாய்க் கணக்கோ கண்டீரவ வராகனில். வருமானம் ஒரு பணத்தில், கடன் வேறொருவன் பணத்தில். இந்த நிலையில் இருக்கும் எவரிடமும் நீங்கள் தொண்ணூறு நாள் கிரெடிட்டில் சரக்கு அனுப்பும்போது ஒரு முறை யோசிக்க வேண்டும். அவர் நல்லவராக இருப்பார். நேர்மையானவராக இருப்பார். அவருடைய கல்லாவில் விழுவது ஒரு பணம், உங்களுக்குக் கட்ட வேண்டியது இன்னொன்று.

இனி இலங்கைக்கு வருகிறேன். எங்கோ உள்ள நைராவைவிட இது நமக்கு நெருக்கம், வரலாறும் நீளம். 1950 ஆகஸ்டில் கொழும்பில் மத்திய வங்கி திறக்கும் வரை இலங்கை ரூபாய் இந்திய ரூபாயோடு ஒன்றுக்கு ஒன்று என்று கட்டப்பட்டிருந்தது. அதன் பிறகும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல், டாலருக்கு 4.76 என்று இரண்டும் ஒரே விலையில் நின்றதால், ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய்தான். 1964 அக்டோபர் 30 அன்று இரு நாடுகளுக்கிடையே சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பப்பட ஏற்பாடானது. அவர்கள் தங்கள் சேமநிதி, பணிக்கொடை உட்பட்ட சொத்தைக் கொண்டுவரலாம், ஒரு குடும்பத்துக்கான உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது என்று அதில் ஒரு விதி இருக்கிறது.

அந்த 4,000 இலங்கை ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு அரசு விகிதத்தில் நகர்ந்து பாருங்கள். 1965இல் தலைமன்னாரில் கப்பலேறியவருக்கு இக்கரையில் அது 4,000 ரூபாய். 1966 ஜூன் 6 அன்று இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்து டாலருக்கு 7.50 ஆக்கியது. இலங்கை அசையவில்லை. அடுத்த வாரம் வந்தவருக்கு அதே 4,000 ரூபாய் இங்கே சுமார் 6,300. ஒரு நாள் முன்னால் மாற்றிக்கொண்டு வந்த, தோட்டக் குடியிருப்பில் பக்கத்து லயத்துக்காரருக்கு அந்த 2,300 ரூபாய் கிடையாது. 1967 நவம்பரில் பவுண்டு விழுந்தபோது இலங்கையும் தன் ரூபாயை 5.95க்கு இறக்கியது. உடனே 6,300 என்பது 5,040ஆகச் சுருங்கியது. 1977 நவம்பரில் ஜெயவர்த்தன அரசு ரூபாயைத் திறந்துவிட்டு டாலருக்கு 16 என்று வைத்தது. அன்று நம் ரூபாய் எட்டரையை ஒட்டி இருந்தது. அதே 4,000க்கு இப்போது 2,150 தேறும். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்த ஒருவரின் கைப்பணம், எந்தத் தேதியில் கப்பல் ஏறினார் என்பதை வைத்து மூன்று மடங்கு வித்தியாசப்பட்டது. தேதியைத் தேர்ந்தெடுத்தது அவரல்ல, இரண்டு நாட்டு அலுவலகங்கள்.

இந்தக் கணக்கை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மைப் போன்ற நாடுகளின் பணங்களுக்கிடையே விகிதம் பல நேரம் மெல்ல மெல்ல நகர்வதில்லை. பல ஆண்டுகள் அசையாமல் கிடக்கும். பிறகு ஒரு நாள், ஓர் அரசு அறிவிப்பில், படியிலிருந்து விழுவதைப் போல விழும். உங்கள் விலைக் கணக்கோ ஆண்டுக்கு மூன்று விழுக்காடு, நான்கு விழுக்காடு என்று சீரான சரிவை நினைத்துப் போட்டது. 2021 செப்டம்பரிலிருந்து இலங்கை தன் ரூபாயை டாலருக்கு 200 சொச்சத்தில் இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது. நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடைய இரண்டே முக்கால். 2022 மார்ச்சில் பிடி நழுவியது. மே நடுவில் டாலர் 360. நம் ரூபாய்க்கு நாலரைக்கு மேல். இரண்டே மாதம். அதற்குள் ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அந்த நாடே அறிவித்துவிட்டது. வாகன இறக்குமதியை அவர்கள் 2020 மார்ச்சிலேயே நிறுத்தியிருந்தார்கள். தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை 2025 பிப்ரவரியில்தான் நீங்கியது. பணம் தடுமாறும் நாட்டில் முதலில் வெட்டப்படுவது வண்டியும் வண்டிச் சாமானும்தான். ஓசூருக்கு இதைவிடக் கிட்டத்தில் வேறு என்ன செய்தி இருக்க முடியும்?

நேபாளக் கதை சிறியது. உங்கள் தொழிற்சாலை வாசலில் நிற்கும் காவலாளிகளில் நேபாளிகள் உண்டு. நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது அவர்களுக்குப் பாடம். 1993 பிப்ரவரியிலிருந்து அதில் மாற்றமே இல்லை. ஆனால் அதே 160 என்ற விகிதம் 1960இலும் இருந்தது. 1966இல் நாம் மதிப்பைக் குறைத்தபோது நேபாளம் கூட வராததால் ஒரே நாளில் 160 என்பது 101 ஆனது. அன்று இந்தியாவில் சம்பாதித்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர் குடும்பத்துக்கு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. 1967 டிசம்பரில் 135 என்று கொஞ்சம் மீண்டது. முப்பது ஆண்டு அசையாத விகிதம் இனியும் அசையாது என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து நாட்டுப் பணம் என்றாலே நம்மைவிட வேகமாக விழும் என்று ஒரு மிதப்பு நம்மிடம் உண்டு. அதை டாக்கா உடைக்கும். 2008 ஜனவரியில் நம் ரூபாய் டாலருக்கு 39 சொச்சத்தில் தெம்பாக நின்றபோது ஒரு ரூபாய்க்கு சுமார் 1.74 டாக்கா. 2013 ஆகஸ்டில் நம் ரூபாய் 68ஐத் தாண்டிச் சரிந்தபோது அது 1.13தான். ஐந்தரை ஆண்டில் வங்கதேசப் பணத்துக்கு எதிராக நாம் மூன்றில் ஒரு பங்கு இழந்திருந்தோம். பிறகு திசை திரும்பியது. 2024 மே மாதம் அவர்கள் டாக்காவை 110இலிருந்து 117க்கு இறக்கியபோது நம் ரூபாய்க்கு 1.40.

2013ஐ நினைவில் வைத்திருக்கும் மூத்தவர்கள் உங்களில் உண்டு. ரூபாய் விழுந்தவுடன் டாலர் பில்லில் நமக்கு லாபம் என்று கணக்குப் போடத் தொடங்கும் முன்பே பார்ட்டியிடமிருந்து மெயில் வரும்: உங்கள் பணம் விழுந்துவிட்டது, விலையைக் குறையுங்கள். டாக்கா நகரிலும் கொழும்பிலும் நைரோபியிலும் வாங்குகிறவர்கள் நம் ரூபாயைத் தவறாமல் கவனிக்கிறார்கள். அவர்களுடைய பணத்தை நாம் கவனிப்பதில்லை. பேரத்தில் இது ஒரு பக்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காருவது. நைரா ஏறியிருக்கும் காலத்தில் நாம் விலையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம், அது தெரியாமல் தள்ளுபடி கொடுத்தோம். விழப்போகும் காலத்தில் கடன் நாளைக் குறைத்திருக்கலாம், அது தெரியாமல் நூற்றிருபது நாள் என்று நீட்டினோம்.

விழப்போவது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தேதி தெரியாது. ஆனால் அறிகுறி ஒன்று உண்டு, அது ஏறக்குறைய ஏமாற்றுவதில்லை: அரசு விகிதத்துக்கும் தெரு விகிதத்துக்கும் உள்ள இடைவெளி. 2023 மே மாதம் நைஜீரிய மத்திய வங்கி 460 என்று சொன்னபோதே லாகோஸ் தெருவில் டாலர் 740, 750 என்று கைமாறிக்கொண்டிருந்தது. 2022 தொடக்கத்தில் கொழும்பில் வங்கி 200 சொன்னபோது வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல்காரர்கள் அதற்கு வெகு மேலே கொடுத்தார்கள். அங்கேயுள்ள பார்ட்டியிடம் போனில் கேட்டால் போதும், தெரு விலையை அவர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். இடைவெளி பத்து விழுக்காட்டைத் தாண்டினால் புதிய கிரெடிட் கொடுக்காதீர்கள், அட்வான்ஸ் கேளுங்கள், அல்லது எல்.சி. இல்லாமல் கன்டெய்னரை நகர்த்தாதீர்கள் என்பது என் யோசனை. இந்தப் பத்து என்ற எண் என் அனுபவத்திலிருந்து வருவது, எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

மாங்கூழ்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பெங்களூரா மாங்கூழ் போகும் நாடுகளில் ஏமன் உண்டு. அங்கே ஒரே ரியாலுக்கு இரண்டு விலை. 2024 இறுதியில் ஏடனில் டாலர் 2,000 ரியாலைத் தாண்டியது, சனாவிலோ 530ஐ ஒட்டி நின்றது. உங்கள் சரக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறது என்பதைவிட எந்த ஊர்க் கடையில் விற்கிறது என்று கேளுங்கள்.

பழைய விகிதங்களைத் தேடுகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. ஆண்டுச் சராசரியை நம்பாதீர்கள். வங்கிக் கடன் விண்ணப்பத்துக்குத் திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் ஒட்டுகிறார்கள். 2022க்கு இலங்கை ரூபாயின் சராசரி என்று ஓர் எண் கிடைக்கும். பிப்ரவரியில் 200, மே மாதத்தில் 360 என்று இருந்த ஓர் ஆண்டில் அந்தச் சராசரி விலையில் யாருக்குப் பணம் வந்திருக்கும்? நாள் வாரியாகப் பாருங்கள். இலங்கை, வங்கதேசம், நைஜீரியா மூன்றின் மத்திய வங்கிகளும் தினசரி விகிதத்தை வெளியிடுகின்றன. ரூபாய்க்கான அளவுகோல் விகிதம் நம் நாட்டில் தினமும் பிற்பகலில் வந்துவிடுகிறது. வகுத்தல் தெரிந்தால் போதும்.

"இப்பதான் ரூபாய்லயே பில் போடலாமே" என்று இளைய தலைமுறை கேட்கிறது. 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி அதற்கு வழி திறந்தது, 2023 ஜூலையில் வங்கதேசத்தோடு ரூபாய் வர்த்தகம் தொடங்கியது. 2025 அக்டோபரில் நேபாளம், பூட்டான், இலங்கை நாட்டவர்க்கு நம் வங்கிகள் வர்த்தகத்துக்கு ரூபாயிலேயே கடன் தரலாம் என்றும், முக்கிய வர்த்தகக் கூட்டாளிகளின் பணங்களுக்கு ரூபாயில் அளவுகோல் விகிதம் ஏற்படுத்தப்படும் என்றும் ரிசர்வ் வங்கி அறிவித்தது. வரவேற்க வேண்டிய வேலை. நேரடி விகிதம் பலகையில் ஏறினால் நான் சொல்லும் வகுத்தல் கணக்கே பாதி தேவைப்படாது. ஆனால் ரூபாயில் பில் போடுவதால் ஆபத்து மறைந்துவிடாது, அது முழுவதும் வாங்குகிறவர் தலைக்கு மாறும், அவ்வளவுதான். அவர் பணத்தின் மதிப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கினால் டாலர் பில்லாக இருந்தாலும் ரூபாய் பில்லாக இருந்தாலும் அவரால் கட்ட முடியாது. டாலர் பில்லைவிட ரூபாய் பில் அவருக்கு மலிவான ஆண்டுகளும் உண்டு, 2013 போல. அந்த ஆண்டுகளில் அவரே ரூபாய் கேட்பார். கேட்கும்போது ஏன் கேட்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் சிறுதொழில் சங்கத்திடம் ஒரு கோரிக்கை. ஓசூரில் உங்கள் சங்க அலுவலகத்தில் ஒரு பலகை வையுங்கள். நைரா, கென்ய ஷில்லிங், இலங்கை ரூபாய், டாக்கா, எகிப்து பவுண்டு, ரோஜாக்காரர்களுக்காக மலேசிய ரிங்கிட். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்: அரசு விகிதம், தெரு விகிதம், நம் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு. வாரம் ஒரு முறை திருத்தினால் போதும், அலுவலக உதவியாளர் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். அழித்து எழுதும் முன் பழையதை ஒரு நோட்டில் ஏற்றிவிடச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் கடந்த மூன்று ஆண்டு ஏற்றுமதி பில்களையும், பணம் எந்தத் தேதியில் வங்கிக்கு வந்தது என்ற விவரத்தையும் எடுத்து வாருங்கள். பார்ட்டி பெயரை மறைத்துவிடலாம். தாமதமான ஒவ்வொரு பேமென்ட்டுக்கும் எதிரே அந்த வாரத்தின் அந்நாட்டு விகிதத்தை நான் எழுதித் தருகிறேன். கட்டணம் வேண்டாம், காபி போதும்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் ஆடிட்டர் ஒருவன்